மிஸ்ஸின் கறுப்புத் தண்ணி

நஸீப்புக்குத் தன் மனைவி மேல் ஆசையில்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் 'நஸீப் ஸ்டீல்' என்று ஆள் உயரத்துக்குப் பலகை போட்டு, கேட்டும் கிரில்லும் அடித்துக் கொடுக்கிற மனுஷன். ஆஸிகாவுக்குக் காய்ச்சல் என்றால் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டில் கஞ்சி காய்ச்சுவான். பெருநாளைக்குத் தனக்குச் சட்டை எடுக்க மறப்பானே தவிர அவளுக்கு உடுப்பு எடுக்க மறக்கமாட்டான். ஊரில் பொறாமைப்பட ஆளா இல்லை? எதிர்ச்சாரியில் புதிதாக வெல்டிங் கடை போட்டவன் இருக்கிறான், வருஷத்துக்கொரு வாகனம் மாற்றுகிற சகலன் இருக்கிறான். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த மனுஷனுக்குக் கட்டின மனைவி மேலேயே பொறாமை வந்து தொலைத்தது. வந்தது லேசில் வரவில்லை, வயிற்றுக்குள் அடுப்பை மூட்டிக்கொண்டு வந்தது.

ஆஸிகா பேராதனையில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். ஆய்வுகூடத்தில் வேலை கிடைக்கிற நேரம் பார்த்துக் கல்யாணம் வந்தது. வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, அது அப்படியே நின்றுபோனது. பிறகு வீட்டு முன்னறையில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் 'ஆஸிகா மிஸ்'. அதுவரைக்கும் நஸீப்புக்கு ஒரு குறையும் இல்லை. மனைவி மிஸ் என்றால் புருஷனுக்கும் மரியாதைதானே.

வினை ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. சோற்றுப் பொதியோடு கடைக்கு வந்தவளிடம் நஸீப்தான் தன் இரும்பு மேசையைக் காட்டிப் புலம்பினான்.

"இஞ்ச பாரு. பிளேன்டீ ஒரு சொட்டு ஊத்துப்பட்டாப் போதும், இப்பிடிக் கறுப்பாப் புடிச்சிக்கிது. என்னத்தப் போட்டுத் தேச்சாலும் போகுதில்ல."

ஆஸிகா குனிந்து, அந்தக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கறை அசையவில்லை.

"இது கறையில்ல மச்சான். தேயிலையில டனின் எண்டு ஒரு துவர்ப்புச் சாமான் ஈக்கிதானே, அது துருவோட சேந்து வேற சாமானா மாறிட்டு. இந்த எடத்துல இனித் துரு வராது."

அவ்வளவுதான். சோற்றுப் பொதி அப்படியே கிடந்தது. அன்று பின்னேரமே வீட்டுக் குசினி ஆய்வுகூடமாகிவிட்டது. தேயிலைத் தூசை அவித்துப் பார்த்தாள், மழைக்கு வெளுத்தது. பாக்கை ஊறவைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. கடைசியில் கண்டி மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி இடித்து, ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, அதில் கொஞ்சம் ஸ்பிரிட்டும் வெள்ளைப் பசையும் கலந்தாள். நல்ல சட்டிகள் எல்லாம் நாசமாய்ப் போயின. நஸீப் வாய் திறக்கவில்லை. சமைக்கச் சட்டியில்லாமல் கடையில் கொத்துரொட்டி வாங்கித் தின்றான். பாவம், அந்த நேரம் அவன் நல்லவன்தான்.

வந்த சாமான் பார்வைக்குச் சாயம் குறைந்த பிளேன்டீ மாதிரித்தான் இருந்தது. துருப்பிடித்த இரும்பில் பூசினால் போதும், செம்மஞ்சள் துரு கண்முன்னாலேயே ஊதாவாகி, நீலமாகி, கறுத்து, இரும்போடு இரும்பாக இறுகிப்போகும். ஆஸிகா அதற்கு என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தாள். ஊர் கேட்குமா? 'மிஸ்ஸின் கறுப்புத் தண்ணி' என்றே சொல்லத் தொடங்கியது.

மிஸ்ஸின்! அங்கேதான் நஸீப்புக்கு முதல் குத்து விழுந்தது. கறையைக் காட்டினது யார்? நான். மேசை யாருடையது? என்னுடையது. பிளேன்டீயைக் கொட்டினதும் நான்தானே! இப்படித் தனக்குள்ளே வழக்குப் பேசிப் பேசி மனுஷனுக்கு நித்திரை குறைந்தது.

பள்ளிவாசல் தலைவர் ஹபீல் ஹாஜியார் ஒருநாள் மையித்து அடக்குகிற மையவாடியின் கேட்டைப் பற்றிப் பேசக் கடைக்கு வந்தார். நஸீப் கதிரையைத் துடைத்துப் போட்டான். ஹாஜியார் உட்காரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மிஸ் இல்லையா?"

"நான் ஈக்கிறேன்தானே ஹாஜியார். சொல்லுங்க."

"இல்ல, அந்தக் கறுப்புத் தண்ணியப் பத்தி மிஸ்ஸிட்டயே கேட்டுக்கிறேன். பொறகு வாறேன்."

பிறகு வாறாராம்! அந்தக் கேட்டைச் செய்தது நஸீப்பின் வாப்பா. அதைப் பற்றி இவனிடம் பேச ஹாஜியாருக்கு ஒன்றும் இல்லையாம். நஸீப் அன்று முழுக்க முனாஸ் மேல் எரிந்து விழுந்தான். முனாஸ் அவனிடம் நெடுங்காலமாக வேலை செய்கிறவன், நரை விழுந்த பொறுமைசாலி. முதலாளி நானாவுக்கு என்னமோ என்று நினைத்து, வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

கண்டியில் நடந்த கைத்தொழில் கண்காட்சி இதைவிட மோசம். ஆஸிகாவுக்கு அங்கே ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். கலன்களைச் சுமந்து, துருப்பிடித்த தகடுகளைச் சுமந்து, மேசைத்துணி விரித்ததெல்லாம் நஸீப். பேசினதெல்லாம் ஆஸிகா. சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம். மரப்பட்டையிலும் காயிலும் இருக்கிற இந்த டனின் என்கிற தனிக் அமிலம் இல்லாமல் தோல் பதனிட முடியாத காலம் இருந்தது என்றாள். இதையும் இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் ஒரு காலத்தில் எழுதுகிற மை செய்தார்கள் என்றாள். பருத்தித் துணியில் சாயம் ஒட்ட இதில்தான் முக்கி எடுப்பார்கள், கடலுக்கடியில் கண்டெடுத்த பீரங்கிகளைக்கூட இதைப் பூசித்தான் காப்பாற்றி வைக்கிறார்கள் என்றாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நஸீப் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? அப்போது பார்த்து ஒரு கனவான் அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க மிஸ்ஸோட டிரைவரா? அந்த லொறிய கொஞ்சம் முன்னுக்கு எடுங்க தம்பி."

நஸீப் லொறியை முன்னுக்கு எடுத்தான். எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவமானமாக இருந்தது. அதைவிட, ஆஸிகா அந்த நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் வேறு எதற்கோ சிரித்தாள். எரிகிற வயிற்றுக்கு அதெல்லாம் எங்கே விளங்கும்?

அந்தக் கண்காட்சியில்தான் ரிஸ்மி வந்து சேர்ந்தான். பேராதனைக் கெம்பஸில் ஆஸிகாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது வெளிநாட்டுப் பெயின்ட் விற்கிற ஒரு கொம்பனியில் பெரிய ஆள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். "ஆஸிகா!" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நஸீப்புக்கு உச்சியில் அடித்தது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. இத்தனை நாளும் இந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் இல்லாமல் தவித்தவனுக்கு, வெளியில் சொல்லக்கூடிய காரணம் ஒன்று காலும் கையும் வைத்து வந்து நின்றதே! அந்நிய ஆம்பிளையோடு மனைவி சிரித்துப் பேசினால் எந்தப் புருஷனுக்கும் கோபம் வரும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"எனத்துக்கு அவரோட அவ்வளவு கத?" என்று வீட்டில் கேட்டான்.

ஆஸிகா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். "இரசாயனக் கததான் மச்சான். நீங்களும் வந்து நில்லுங்களே."

ரிஸ்மி கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. மடுல்கெல்லவில் மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை ஹோட்டலாக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. மாடிப்படி, ஜன்னல், தூண் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு, எல்லாம் துரு. ரிஸ்மியின் கொம்பனிதான் பெயின்ட் கொடுப்பதாக இருந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? அங்கே வேலைக்குப் பொறுப்பாக இருந்த ராஜரத்தினத்திடம் போய், "எங்கட சாமானையும் பூசிப் பாருங்க, ஆஸிகாட சாமானையும் பூசிப் பாருங்க, எது நல்லமோ அத எடுங்க" என்று சொல்லிவிட்டான். ஆஸிகாவுக்குக் கால் தரையில் படவில்லை. இது சரிவந்தால் அந்தத் தொழிற்சாலை முழுக்க அவளுடைய சாமான். முன்னறை வகுப்பை விட்டு, கூரை போட்ட ஒரு சின்ன இடத்தில் தன் தொழிலை ஆரம்பிக்கலாம். கல்யாணத்தோடு விட்டுப்போன ஒன்று இன்னொரு முறை வாசலுக்கு வந்திருக்கிறது என்று அவள் நஸீப்பின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

பூசுகிற வேலை இரண்டையும் நஸீப்பிடமே கொடுத்தார்கள். ஒரே ஆள் பூசினால்தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் ராஜரத்தினம். மேல்மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல் கிரில்கள், இரண்டிலும் ஒரே மாதிரி பூவேலை, சுருள் சுருளாக வளைத்த பட்டைக் கம்பி. அடிப்பூச்சாக ஒன்றில் ரிஸ்மியின் சாமான், மற்றதில் ஆஸிகாவின் கறுப்புத் தண்ணி. இரண்டுக்கும் மேலே ஒரே கறுப்புப் பெயின்ட். மார்கழி மழை முழுக்க நனையட்டும், தை பிறந்து பார்க்கலாம் என்று பேச்சு.

போகிற அன்று காலையில் ஆஸிகா கலனை லொறியில் ஏற்றும்போது படித்துப் படித்துச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டதால் வகுப்பை விட்டுவிட்டு அவளுக்கு வர முடியவில்லை.

"மச்சான், ரிஸ்மிட சாமானுக்குத் துருவ முழுசா எடுங்க. என்டதுக்கு எடுக்க வாணாம். ஒதிர்ரத மட்டும் கம்பி பிரஷ்ஷால தட்டுங்க. மிச்சத் துரு வேணும். துருவத்தான் இந்த அசிட் புடிக்கும். வெறும் இரும்புல அதுக்குப் புடிக்க ஒண்டும் இல்ல. பூசி நல்லாக் கறுத்துக் காஞ்ச பொறகு பெயின்ட் அடிங்க."

"ம்."

"விளங்கினதா?"

"நான் என்ன உன்ட வகுப்புப் பிள்ளையா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. நஸீப் லொறியைக் கிளப்பினான். கட்டுகஸ்தோட்டை வரைக்கும் நல்ல மனதோடுதான் போனான், சொல்லப்போனால். வத்தேகமையில் ரொட்டி தின்ன நிறுத்தியபோது கடைக்காரர் லொறிப் பலகையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"பிலிமத்தலாவையா? அந்தக் கறுப்புத் தண்ணி மிஸ்ஸிட ஊர்! அவங்களத் தெரியுமா?"

தெரியுமாவாம்! நஸீப் தெரியாது என்று சொன்னான். வாயில் தானாக வந்த சொல் அது. முனாஸ் பிளேன்டீக் கோப்பையோடு அவனை நிமிர்ந்து பார்த்தான்.

மடுல்கெல்லவில் மூடுபனி. மேல்மாடியில் இருவரையும் தவிர யாரும் இல்லை. முதலில் ரிஸ்மியின் கிரில். துருவைக் கண்ணுக்குத் துளி மிச்சம் தெரியாமல் எடுத்து, சுருளுக்குள் சுருளுக்குள் அரத்தாளை விட்டுத் தேய்த்து, துடைத்து, இரண்டு கை பூசி, காயவைத்து, பெயின்ட் அடித்தான். வேலையென்றால் வேலை. வாப்பா இருந்து பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

பிறகு ஆஸிகாவின் கிரில். கம்பி பிரஷ்ஷை எடுத்தான். அதை வைத்துவிட்டுக் கிரைண்டரை எடுத்தான்.

"நானா," என்றான் முனாஸ். "மதினி துருவ வெக்கச் சொன்னாங்கதானே?"

"துருவோட பெயின்ட் அடிக்கிறவன் வேலைக்காரனா? எங்கட கடையில எண்டைக்காவது அப்பிடிச் செஞ்சீக்கமா? இரும்ப வெள்ளையாக்காம நான் ஒண்டும் பூச மாட்டேன். போ, போய்க் கீழ வயரப் பாரு."

பாருங்கள், எவ்வளவு கௌரவமான பொய்! இந்தத் தொழிலில் முதல் பாடமே துருவை எடுப்பதுதான். நாளைக்கு யார் கேட்டாலும், கைப்பழக்கம், மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சொன்னால் எவன் குற்றம் சொல்லுவான்? கிரைண்டர் அலறியது. பொறி பறந்தது. துரு எல்லாம் செந்தூளாய் அவன் காலில் போட்டிருந்த சப்பாத்தில் கொட்டி, இரும்பு புதுச் சில்வர்ச் சட்டி மாதிரி மின்னியது. அதன்மேல் ஆஸிகாவின் தண்ணீரைப் பூசினான். கறுக்கவில்லை. பிடிக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே வெளிறின ஈரமாய் நின்றது. காயக்கூட விடாமல் அதன்மேல் கறுப்புப் பெயின்டை இழுத்தான். எல்லாம் முடிந்தபோது பார்வைக்கு இரண்டு கிரில்லும் ஒன்றுபோலவே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் ஆஸிகா ஓடிவந்தாள். "நல்லாக் கறுத்திச்சா?"

"கறுத்திச்சி," என்றான்.

அவள் அன்று அவனுக்குப் பிடித்த வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். அதையும் தின்றான்.

மார்கழி மழை அந்த வருஷம் மலையைக் கரைக்கிற மாதிரிப் பெய்தது. ஒவ்வொரு முறை மின்னி முழங்கும்போதும் நஸீப்புக்கு வயிற்றுக்குள் இரண்டு பேர் பேசினார்கள். அழியட்டும் என்றான் ஒருத்தன். யா அல்லாஹ், அழியக்கூடாது என்றான் மற்றவன். ஒருநாள் வாயெடுத்து அவளிடம் சொல்லிவிடலாம் என்று குசினி வரைக்கும் போனான். உள்ளே அவள் தொலைபேசியில், "சரிவந்தா உங்களுக்குத்தான் ரிஸ்மி மொதல் தேங்க்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் தேங்க்ஸ் ரிஸ்மிக்கு! வந்த வழியே திரும்பிப் போனான்.

தை பிறந்து வெயில் எறித்த ஒரு காலையில் நஸீப், ஆஸிகா, முனாஸ், ரிஸ்மி எல்லோரும் மடுல்கெல்லவுக்குப் போனார்கள். ராஜரத்தினம் கீழேயே காத்திருந்தார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, கட்டட வேலை படித்து, இப்போது அதே தொழிற்சாலைக்குப் பொறுப்பாக வந்திருக்கிற மனுஷர்.

"வாங்க வாங்க. நான் இன்னும் மேல போய்ப் பாக்கலைங்க. எல்லாரும் சேந்தே பாப்போம்னு இருந்தேன்."

மேல்மாடிக்கு ஆஸிகாதான் முதலில் ஓடினாள். ஓடினவள் ஜன்னலடியில் போய் அப்படியே நின்றுவிட்டாள்.

ரிஸ்மியின் கிரில் போட்டது போட்டபடி இருந்தது. ஆஸிகாவுடையது கொப்புளம் போட்டு, பெயின்ட் பட்டை பட்டையாய்க் கழன்று, உள்ளே மஞ்சள் துரு பூத்துக் கிடந்தது. சுவரில்கூடத் துருத்தண்ணீர் வழிந்த கோடு. ஆஸிகா முந்தானையின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

நஸீப்புக்கு என்ன வந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டியதுதான். சந்தோஷம் வந்தது. ஒரு விநாடி. நல்ல குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்குகிற மாதிரி ஒரு சந்தோஷம். அவள் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே கசந்துபோனது.

"ச்சே, பாவமா இருக்குங்க," என்றார் ராஜரத்தினம். சொல்லிக்கொண்டே கிரில்லில் கையை ஓட்டினார். ஓட்டினவர் ஒரு சுருளுக்குள் விரலை விட்டு நிறுத்தினார். "ஆனா இங்க பாருங்க. இந்த வளைவுக்குள்ள ஒண்ணுமே ஆகல."

ரிஸ்மி கிட்டப் போனான். சாவியால் அந்தச் சுருளின் உட்பக்கத்தைச் சுரண்டினான். பெயின்ட் போய் உள்ளே நீலக் கறுப்பு தெரிந்தது. இன்னும் அழுத்திச் சுரண்டினான். அது அசையவில்லை. அடுத்த சுருள், அதற்கடுத்தது, கம்பிகள் சேருகிற மூலைகள், எல்லாம் அப்படித்தான். கிரைண்டர் போக முடியாத இடத்திலெல்லாம் துரு மிஞ்சியிருந்தது. துரு மிஞ்சிய இடத்திலெல்லாம் ஆஸிகாவின் தண்ணீர் உடும்பாய்ப் பிடித்திருந்தது.

பிறகு ரிஸ்மி, அவன் இடத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள், தன் கிரில்லின் சுருளையும் சுரண்டிப் பார்த்தான். அரத்தாளுக்கும் எட்டாத அடி மூலையில் பெயின்டுக்குக் கீழே பழைய துரு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்தான்.

"நஸீப் நானா, ஆஸிகாட கிரில்லுக்கு நீங்க கிரைண்டர் போட்டீங்களா?"

எல்லோரும் நஸீப்பைப் பார்த்தார்கள். படியோரம் நின்ற முனாஸ் தரையைப் பார்த்தான். பழக்கதோஷம் என்ற அந்த ஆயத்தப் பொய் நஸீப்பின் நாக்கு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

"என்ட பிழை," என்றாள் ஆஸிகா.

குரல் நடுங்கவேயில்லை. "துருவ வெக்கோணும் எண்டு அவருக்கு நான் சொல்லல்ல. மறந்துட்டேன். அவர் தொழில் தெரிஞ்ச மனுஷன், சொல்லாட்டி சுத்தமாத்தானே எடுப்பார்."

"அட, அப்படியா சங்கதி!" ராஜரத்தினம் கையைத் தட்டினார். "அப்பறம் என்னங்க? துரு இருந்த எடம் பூரா கெட்டியா நிக்குது. இந்தக் கட்டடத்துல மூலையும் முடுக்கும்தான் ஜாஸ்தி, எல்லாத்தையும் தேச்சிக்கிட்டு இருக்க முடியுமா? எனக்கு மிஸ்ஸோட சாமான்தான் வேணும். பூசுற வேலைய நஸீப் பாஸே செஞ்சிருவாருல்ல?"

ஆஸிகா கழன்ற பெயின்ட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள். "முனாஸ் நானா பூசட்டும்."

அதை அவள் மெல்லத்தான் சொன்னாள். ராஜரத்தினத்துக்கு அது ஒன்றுமாகவே படவில்லை, சரிங்க என்று தலையாட்டினார். நஸீப்புக்கு மட்டும் ஊர் கூட்டி அறைந்த மாதிரி இருந்தது.

முனாஸ் அளவெடுக்க அங்கேயே நின்றுவிட்டான். ரிஸ்மி தன் காரில் போய்விட்டான். லொறியில் இவர்கள் இரண்டு பேரும்தான். லொறி பன்வில தாண்டியது. தேயிலைச் சரிவில் கொழுந்து எடுக்கிற பெண்கள் யாரையோ கூப்பிடுகிற சத்தம் வந்தது. நஸீப்புக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கடைசியில், இத்தனை நாளாய்ப் பத்திரமாக வைத்திருந்த அந்தக் காரணத்தை எடுத்து நீட்டினான்.

"ஆஸிகா. நான் செஞ்சது பிழைதான். ஒளிக்கல்ல. ஆனா நீ அந்த ரிஸ்மியோட சிரிச்சிச் சிரிச்சிப் பேசுறது எனக்குப் பொறுக்கல்ல. புருஷன்தானே நான்? அந்த எரிச்சல்ல கண்ணு மறச்சிட்டு."

சொல்லிவிட்டு மூச்சு விட்டான். இதற்கு அவள் கோபப்படுவாள், சத்தம் போடுவாள், பிறகு அழுவாள், பிறகு சரியாகும். எந்த வீட்டிலும் நடக்கிறதுதானே.

ஆஸிகா சத்தம் போடவில்லை.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்," என்றாள். "இவருக்கு ரிஸ்மி மேல எரிச்சல் எண்டு. உண்மையச் சொன்னா உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக்கூட ஈந்திச்சி. இத்தன வருஷத்துக்குப் பொறகும் என்னைய நெனச்சி எரியிறாரே எண்டு சிரிப்பும் வந்திச்சி."

நஸீப் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா மச்சான், ரெண்டு கிரில்லும் உங்கட கையிலதானே ஈந்திச்சி? யாரும் பாக்கவும் இல்ல. ரிஸ்மி மேல எரிச்சல் எண்டா ரிஸ்மிடதத்தானே கெடுத்தீப்பீங்க? அத அவ்வளவு அழகா, சுருளுக்குள்ளயும் விட்டுத் தேச்சிப் பூசீக்கீங்க." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "என்டதத்தான் கெடுத்தீங்க."

நஸீப் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு லொறியை ஓரத்தில் நிறுத்தினான். பஸ் போன பிறகும் அதை எடுக்க அவனால் முடியவில்லை.